வாங்க என்று சொல்லாத வீடு

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு எழுத்து பொய் கிடையாது. எங்கள் திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படி என்று ஒன்று உண்டு, கோர்ட்டுக்கு அலைய முடியாதவர்கள் அந்தக் காலத்தில் அங்கே போய்ச் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்வார்கள். அந்தப் படியில் சூடம் அணைத்துச் சொல்கிறேன், போதாதென்றால் என் கண்ணின் மேல் சத்தியம், ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு நல்ல கண்ணின் மேலேயே சத்தியம். முப்பத்தொரு வருசம் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர்வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவன் நான். ஒடிசாவில் ஆயிரத்து இருநூறு அடிக்குக் கீழே சேவல் கூவியதையும், பஸ்தர் காட்டில் குழாயோடு ஒரு கல்யாணப் பந்தி இலை மேலே வந்ததையும், அதில் அப்பளம் நொறுங்காமல் இருந்ததையும் இந்த ஊரில் டீக்கடைக்கு டீக்கடை சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் பொய். அப்பளம் நொறுங்கித்தான் இருந்தது. ஆனால் நாலாம் நம்பர் வீட்டுச் சஷ்மிதா விசயம் மெய். அன்றைக்குக் காலை பத்தேகாலிலிருந்து மதியம் வரைக்கும் என் மண்டைக்குள் என்ன ஓடியதோ அதை ஓடியபடியே சொல்கிறேன். குறுக்கே கேள்வி கேட்காதீர்கள், விட்ட இடம் மறந்துபோகும்.

பத்தேகால். வாசலில் நிற்கிறது. நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டுமோ, ஒன்றுதான் நிற்கிறது, இருந்தாலும் எங்கள் தெருவில் எல்லாரும் 'வந்தவங்க' என்றுதான் சொன்னார்கள், டிவி ஓடிய கடைசி நாளில் அதற்கு என்னென்னவோ பேர் வைத்தார்கள், வானத்திலிருந்து இறங்கியது என்றார்கள், எங்கள் ஊர்க்காரனுக்கு வாசலில் ஒருத்தர் வந்து நின்றுவிட்டால் எமனே ஆனாலும் மரியாதை தானாக வந்துவிடும். தலை நிலைப்படிக்கு நாலு விரல் கீழே. ஈரச் சிமெண்ட்டின் நிறம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் குக்கர் மூடிக்குள் போடுகிற ரப்பர் வளையம் மாதிரி ஒன்று, அது மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது வருமே, அந்த வாசனை. கை இருக்கிறது, எத்தனை என்று எண்ணப் போனால் கண் வழுக்குகிறது. ஒன்றும் செய்யவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்கு அந்தப் பக்கமே, நல்ல வீட்டுப் பிள்ளை மாதிரி, கூப்பிட்டால்தான் வருவேன் என்று நிற்கிறது. அதுதான் தொல்லை. அடித்தால் அடிபடலாம், கடித்தால் கத்தலாம், நின்றுகொண்டே இருந்தால் என்ன செய்வது. எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சொல் கிளம்புகிறது, நெஞ்சுக்கு வந்துவிட்டது, தொண்டையில் சூடான போண்டாவை அடைத்த மாதிரி நிற்கிறது, எழுபத்து நாலு வருசப் பழக்கம், வாசலில் ஒரு உருப்படி நின்றால் வாய் தானாகத் திறந்து சொல்லும், கடன்காரன் வந்தாலும் சொல்லும், கரண்ட்டைப் பிடுங்க வந்தவனிடமும் சொல்லும், உள்ளே வந்து பிடுங்குங்க என்று சொல்லும். சொல்லாதே. துண்டை உருட்டி வாய்க்குள் வைத்துக்கொள்கிறேன். துண்டில் நேற்றைய வேர்வை. சொல்லாதே கிழவா. அது நின்றால் நிற்கட்டும். உனக்கு என்ன, நீயா நிற்கிறாய். ஆனாலும் பாவம், எத்தனை நேரமாக நிற்கிறது. பார்த்தீர்களா, பாவம் என்கிறேன். இந்தப் பாவத்தில்தான் ஊரே போயிற்று.

எங்கள் லைன் வீட்டில் அஞ்சு வாசல். அஞ்சு நாளைக்கு முன்னால் வந்து அஞ்சு வாசலிலும் ஒன்று ஒன்றாக நின்றன. நான் அப்போது மூன்றாம் நம்பரில், அதுதான் என் மகன் வீடு, பின்பக்கம் கக்கூஸில் இருந்தேன், அதனால் பிழைத்தேன், மலச்சிக்கலுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்றால் முதல் கல் நான் வைப்பேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், என் மருமகள், கட்டிவந்த பதினெட்டு வருசத்தில் என்னைப் பார்த்து ஒருநாள் முகம் மலர்ந்தவள் இல்லை, அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்துவிட்டு, "அட, வாங்க வாங்க, ஏன் வெளியவே நிக்கறீங்க, உள்ள வாங்க, காப்பி குடிக்கறீங்களா, மோர் குடிக்கறீங்களா" என்றாள். உள்ளே போயிற்று. அவ்வளவுதான். சத்தம் இல்லை, ரத்தம் இல்லை. அஞ்சு நிமிசத்தில் மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையில் போகிற மாதிரி, பழைய நூல் மில் மைதானத்தைப் பார்த்து நடந்துபோனார்கள். அது மட்டும் திரும்ப வந்து வாசலிலேயே நின்றுகொண்டது. மைதானத்தில்தான் வந்தவங்களுடைய வண்டி கவிழ்த்துவைத்த அண்டா மாதிரி இறங்கியிருந்தது. ஒன்றாம் நம்பர் டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டாள், விவரமானவள், ஆனால் உள்ளேயிருந்து "யாருங்க" என்று கேட்டாள், பதில் இல்லை, "யாருங்க" என்றாள், பதில் இல்லை, பொறுக்கவில்லை, ஒரு விரல் அளவுக்குத் திறந்தாள், பார்த்தாள், "அடடே, வாங்க" என்றாள். கதவு என்ன செய்யும். வாய்தானே கதவு. கடைவீதி போயிற்று, கல்யாண மண்டபத்தில் சீர் வைத்துக்கொண்டிருந்தவர்கள் மொத்தமாகப் போனார்கள், அங்கே வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு பெண்களை நிறுத்திவேறு வைத்திருந்தார்கள். சண்டைக்காரன் பிழைத்திருப்பானோ, வாசலில் நிற்கிறவனை வாடா என்று கூப்பிடுகிற ஊர் ஏதாவது பிழைத்திருக்குமோ, தெரியவில்லை. எங்கள் ஊர் மரியாதையில் போயிற்று. நாலாம் நம்பர் வீடு மட்டும் பிழைத்து நிற்கிறது. நாலாம் நம்பரில் எழவு விழுந்திருந்தது, அதனால்.

இதோ உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு வயசு. காதில் பெரிய மூடி, தறிப்பட்டறைச் சத்தம் தாங்காமல் அவள் அம்மா வாங்கிக்கொடுத்தது, மஞ்சள் நிறம், ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் மாதிரி. முன்னால் தறிக்கு நூல் சுற்றுகிற தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கியிருக்கிறாள், நாற்பத்தெட்டு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரே அகலம், அளந்து பார்க்கவே வேண்டாம், நான் பார்த்த இன்ஜினியர்கள் ஒருத்தனும் போர்க்குழாயை இவ்வளவு நேராக இறக்கியதில்லை. ஆட்டிசம் என்று அவளுக்கு மூன்று வயசிலேயே சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். லைன் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், திமிர் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெட்டது என்றார்கள். அவள் அம்மா கோகிலவாணி அதில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினாறு நாளைக்கு முன்னால் அந்தக் கோகிலவாணி பட்டறையில் நின்றபடியே சாய்ந்தாள். நாற்பத்தொரு வயசு. தறி ஓடிக்கொண்டேதான் இருந்ததாம். எழவு அன்றைக்கு வந்த பொம்பிளைகள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், இந்தப் பிள்ளை அந்தச் சத்தம் பொறுக்காமல் குளியலறைக்குள் போய் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டது. "பெத்தவ செத்துக் கிடக்கறா, ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல இல்லை, கல்லு" என்று ஒருத்தி சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டினேனே. இந்தத் தலையைத்தான். மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு, அம்மா பட்டறைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு, இவள் அம்மாவுடைய டிபன் டப்பாவைக் கழுவி, கீழ்த் தட்டில் சோறு, மேல் தட்டில் பொரியல், சின்னக் கிண்ணத்தில் ஊறுகாய், மூடி, கொக்கி மாட்டி, ஜன்னலில் வைத்தாள். சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்துத் திறந்து சாப்பிட்டாள். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். வந்தவங்க இறங்கிக் கடை கண்ணியெல்லாம் காலியான பிறகும் ஏழு நாற்பதுக்கு டப்பா கட்டுகிறாள், பொரியல் இல்லை, மேல் தட்டில் உப்பு மட்டும். கல்லாம். இந்த அஞ்சு நாளாக அந்த டப்பாவில் பாதிதான் எனக்குச் சாப்பாடு. சோற்றில் நேராகக் கோடு போட்டுப் பாதி பிரிப்பாள், ஒரு பருக்கை அந்தப் பக்கம் போனால் எடுத்து இந்தப் பக்கம் வைப்பாள்.

பத்து ஐம்பது. அது நகரவில்லை. நாக்கு அரிக்கிறது. சொல்லாதே. வேறு எதையாவது நினை. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை நினைக்காதே. நினைத்துவிட்டேன். கோகிலவாணியின் கையெழுத்து, கெட்டி அட்டை, மேலே பிளாஸ்டிக் ஒட்டி. வீட்டுக்கு யாராவது வந்தால். ஒன்று, முகத்தைப் பார். இரண்டு, வாங்க என்று சொல். மூன்று, தண்ணீர் கொடு. இந்த மூன்று வரிக்கு ஒன்பது வருசம் பாடுபட்டாள். நான் சாட்சி. தினமும் சாயங்காலம் வெளியே போய் நின்றுகொண்டு, பட்டறையில் பத்து மணி நேரம் நின்ற காலோடு, விருந்தாளி மாதிரி கதவைத் தட்டுவாள், பிள்ளை திறந்து பார்க்கும், ஒன்றும் சொல்லாமல் போய்விடும், மறுபடி தட்டுவாள். என்னையும் விருந்தாளியாக நிற்க வைத்திருக்கிறாள், "அண்ணா, கொஞ்சம் வந்து நில்லுங்க, புது மூஞ்சிக்குச் சொல்றாளான்னு பார்க்கறேன்" என்பாள். போன பொங்கலுக்கு முதல்முறையாகச் சொல்லிற்று. என்னைப் பார்த்துத்தான், என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்து, "வாங்க" என்றது. கோகிலவாணி வெளியிலேயே நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவள் இந்தப் பிள்ளைக்குச் சேர்த்துவைத்துவிட்டுப் போன சொத்தே அந்த ஒரு சொல்தான். இப்போது அதைச் சொன்னால் பிள்ளை போய்விடும். நினைக்காதே என்றேனா இல்லையா.

சாவு விழுந்த அன்றைக்கு, அழுகைச் சத்தம் கிளம்புவதற்கு முன்னால், ருக்குமணி, கோகிலவாணிக்கு நாத்தனார், எல்லாவற்றுக்கும் முறை சொல்கிறவள், வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பிள்ளை அட்டையில் போட்டபடி "வாங்க" சொல்வதைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஏம் புள்ள, எழவு வூட்டுல வந்தவங்கள வாங்கன்னு சொல்லுவாங்களா? சொல்லக்கூடாது. பதினாறாம் நாள் மதியம் பன்னண்டு மணி வரைக்கும் சொல்லக்கூடாது, கதவும் சாத்தக்கூடாது." உலகத்துக்கே தெரிந்த வழக்கம், துக்க வீட்டில் யாரும் யாரையும் வரவேற்பதில்லை, வந்தவன் பேசாமல் வந்து உட்காருவான். சஷ்மிதா நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டது, நேரத்தோடு. அதனால்தான் வந்தவங்க வந்து வாசலில் நின்றபோது ஒன்றும் சொல்லாமல் தார்க்குச்சி அடுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் நான் சுவர் ஏறிக் குதித்து இங்கே வந்து ஒண்டினேன். அவள் அப்பன் செங்கோடன் கருமாதிக்குச் சாமான் வாங்கவென்று அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தான், ருக்குமணிதான் அக்கா, முறை தெரிந்தவள், அவள் வீட்டில் எழவு இல்லையே, வாங்க என்றிருப்பாள். போனவன் போனவன்தான். இன்றைக்குப் பதினாறு. இன்னும் ஒரு மணி நேரம். ருக்குமணி போட்ட கெடு முடிந்துவிடும், கோகிலவாணியின் அட்டை திரும்ப நடப்புக்கு வந்துவிடும், இந்தப் பிள்ளை எழுந்து போய் முகத்தைப் பார்த்து, அம்மா ஒன்பது வருசம் சொல்லிக்கொடுத்ததை, அம்மாவுக்காக, சரியாகச் சொல்லும். எப்போதும் சரியாகச் செய்கிற பிள்ளை. எனக்குப் பயம் அதை நினைத்துத்தான், வெளியே நிற்பதைப் பார்த்து அல்ல.

பொய் சொல்லத் தெரியாதா எனக்கு. துண்டை வாயிலிருந்து எடுத்தேன். "கண்ணு, இன்னைக்குப் பதினஞ்சுதான்" என்றேன். நிமிரவில்லை. "பதினாறு. காலண்டர் நான்தான் கிழிக்கறேன்" என்றாள். "அந்தக் காலண்டரு தப்பு கண்ணு, சிவகாசியில ஒரு தாளை விட்டுட்டு அச்சடிச்சுட்டாங்க." "பொய்" என்றாள், கோபம் இல்லை, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி. சரி, அடுத்தது. "காரியமே பண்ணலையே சாமி, ஐயர் வரலை, சொந்தம் உறம்பரை வரலை, காரியம் பண்ணுனாத்தானே துக்கம் கழியும்?" நோட்டைத் திருப்பினாள், விரல் வைத்து வாசித்தாள். "காரியம்னு அத்தை சொல்லலை. பன்னண்டு மணின்னு சொன்னாங்க." ஒரு ஜில்லாவையே நம்பவைத்த வாய் இது, ஒரு பதினாறு வயசுப் பிள்ளையிடம் இரண்டு வரி நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் நிற்பது கொஞ்சம் முன்னால் சாய்ந்தது, சாய்ந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, வெயிலில் நின்று களைத்த ஆள் மாதிரி ஒரு சாய்வு, என் வாய் திறந்துவிட்டது, "வா" என்றுவிட்டேன். ரப்பர் வளையம் நின்றது. இஸ்திரி வாசனை உள்ளே வந்தது. "வா... வாந்தி வர்ற மாதிரி இருக்குது கண்ணு" என்றேன். வளையம் மறுபடி துடிக்க ஆரம்பித்தது. சஷ்மிதா பக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "வாந்தி வரலை. பொய்" என்றாள். வைத்த பக்கெட்டை எடுக்கவில்லை, ஒருவேளை வந்தால் என்று. வெளியே நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பயமே இல்லையா? இருக்கிறது. கால் விரல்கள் பத்தும் மடங்கியிருக்கின்றன, தொண்டைக்குள் ஒரே ஒரு சுரத்தை மூக்கால் இழுத்துக்கொண்டே இருக்கிறாள், ம்ம்ம் என்று, தறி ஓடுகிற சுதி அது, இப்போதுதான் காதில் பிடிபடுகிறது, அம்மா ஓட்டிய தறியின் சுதி. பயத்தோடு உட்கார்ந்துகொண்டே வரிசை கோணாமல் அடுக்குகிறாள். மிலிட்டரிக்காரனைப் பார்த்திருக்கிறேன், ஆனைப்பாகனைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை.

பதினொன்று முப்பத்தைந்து. கடிகாரத்தைப் பார்க்கிறாள். தாளைப் பார்க்கிறாள். நான் எழுந்து போய்க் கடிகாரத்தில் பேட்டரியைப் பிடுங்கிவிடலாமா, அவள் மனசுக்குள்ளேயே நிமிசம் ஓடும், பிரயோசனம் இல்லை. வாயைப் பொத்திவிடலாமா, தொட்டால் அவளுக்கு ஆகாது, தீப்பட்ட மாதிரி துடித்துப்போவாள், அந்தத் துடிப்பை நான் கொடுக்க மாட்டேன், அதற்குப் பதிலாக நானே வெளியே போய் அதன் கையைப் பிடித்துக்கொண்டு மில் மைதானத்துக்கு நடந்துவிடலாம். போகலாமே. எனக்கென்ன, எழுபத்து நாலு. ஆனால் நான் போனால் அது போகுமா, அடுத்தது வந்து நிற்கும். "அப்பாரு" என்றாள். என்னை அப்படிக் கூப்பிடத்தான் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள், தாத்தா வயசு என்பதால். அவளாகக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. "துக்கம் கழியறதுன்னா எப்படி? பசி நிக்கற மாதிரியா? காச்சல் விடற மாதிரியா? பன்னண்டு மணிக்கு எனக்கு எப்படித் தெரியும்?" வாயைத் திறந்தேன். பஸ்தர் காட்டில் ஒரு சாமியார் என்று ஆரம்பிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள், "உங்க வூட்டு அம்மாயிக்குப் பதினாறு பண்ணுனீங்களே. நான் அப்ப அஞ்சு வயசு. வடை குடுத்தாங்க. அன்னைக்குப் பன்னண்டு மணிக்கு உங்களுக்குக் கழிஞ்சுதா?" என்றாள்.

பாவாயி, என் பொண்டாட்டி. பேரை எடுத்தாலே சமையல்கட்டுப் பக்கம் காது போகிறது. நான் வாசலில் உட்கார்ந்து நாலு பேரிடம் அளந்துகொண்டிருப்பேன், சேவல் கூவிற்று என்பேன், சரி, உள்ளே சத்தம் இருக்காது, கோழியும் கூடவே கொக்கரித்தது என்பேன், சரி, முட்டையும் மேலே வந்தது என்றால் உள்ளேயிருந்து ஒரு இருமல் வரும், க்கும் என்று. போதும் நிறுத்து என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிடுவேன், முப்பத்தெட்டு வருசமும் அந்த இருமல்தான் என் பொய்க்கு எல்லைக்கல். அவள் சாகும்போது நான் ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் எண்ணூறு அடியில் இருந்தேன், வந்துசேர ஆறு நாள், முகத்தைப் பார்க்கவில்லை. பதினாறு சிறப்பாகப் பண்ணினோம். மொட்டையடித்து, கோடி போட்டு, வடை பாயாசத்தோடு இலை போட்டு, எல்லாரும் துக்கம் கழிஞ்சுது என்று சொல்லிக் கைகழுவினார்கள், நானும் கழுவினேன், கேட்டவர்களிடமெல்லாம் நிம்மதியா போய்ச் சேந்தா, நான் நல்லாத்தான் இருக்கறேன் என்றேன். அதற்கப்புறம் என் கதைகளெல்லாம் நீளமாயிற்று. ஊரில் கிழவனுக்கு வாய் முத்திப்போச்சு என்கிறார்கள். இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினால் இருமிவிடுவாளோ என்று நீட்டுகிறேன், முட்டை பொரிந்தது என்கிறேன், குஞ்சு மேலே வந்தது என்கிறேன், குஞ்சு ஒடியாவில் பேசியது என்கிறேன், எவ்வளவு நீட்டியும் உள்ளே சத்தமே இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பிள்ளை கேட்டுவிட்டு என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, குழாயில் தண்ணீர் வருமா வராதா என்று பார்க்கிற மாதிரி. "கழியலை" என்றேன். "எத்தனை வருசம்?" "பதினொண்ணு." "பொய்யா?" "இல்லை சாமி."

அந்தச் சுதியை விடாமலே நோட்டை எடுத்தாள், பென்சிலைச் சீவினாள், சீவிய தூளை ஊதித் தள்ளினாள், நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், அவள் பென்சில் முனையைப் பார்க்கிறாள். "அப்ப ருக்குமணி அத்தை போட்ட நேரம் தப்பு" என்றாள். "அத்தைக்குத் தெரியாம சொல்லிட்டாங்க. எனக்கும் கழியலை. அம்மா இன்னும் வரலை, டப்பா இன்னும் கட்டறேன். கழிஞ்சிருந்தா கட்ட மாட்டேன்." பன்னண்டு மணி என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள், ஸ்கேல் வைத்து. கோட்டுக்குப் பக்கத்தில் 'தெரியாது' என்று எழுதினாள். இவ்வளவுதான். ஊரெல்லாம் பதினாறோடு முடிந்தது முடிந்தது என்று கைகழுவுகிறோமே, நான், ருக்குமணி, வடை தின்ற அத்தனை பேரும், ஒருத்தனாவது உள்ளே கையை விட்டுப் பார்த்து, முடியலையே, அப்புறம் ஏன் முடிந்தது என்கிறோம் என்று கேட்டோமா? கல் என்று சொன்னோமே இதை. பன்னிரண்டு அடித்தது. எழுந்தாள். காது மூடியைக் கழற்றித் தார்க்குச்சி வரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். போகாதே என்று சொல்ல வந்தேன், வாய் திறந்தால் எந்தச் சொல் வருமோ என்று பயந்து பக்கெட்டைக் கட்டிக்கொண்டேன்.

வாசலுக்குப் போய் அதன் முகத்தைப் பார்த்தாள். நேராக. அவள் யார் முகத்தையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பின்னால் கேட்டதற்கு, கண் இல்லாத மூஞ்சி, பார்க்கச் சுலபமா இருந்துச்சு என்றாள். வளையம் துடித்தது. அவள் அம்மாவின் அட்டையில் வாங்க என்கிற இரண்டாவது வரியை விட்டுவிட்டு உள்ளே வந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தாள். துக்க வீட்டிலும் தண்ணீர் கொடுக்கலாமே. பிறகு பேசினாள், மனப்பாடம் ஒப்பிக்கிற குரலில், ஒரே சுருதியில். "இது எழவு வூடு. எங்கம்மா செத்துட்டாங்க. இங்க யாரையும் கூப்பிட மாட்டோம். எப்பக் கூப்பிடுவோம்னு தெரியாது. அஞ்சு நாளா நிக்கறீங்க, உங்களுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலை. எழவு கேக்க வந்தவங்க வெளிய உக்காரணும். கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும். அப்புறம் எந்திரிச்சுப் போயிடணும். போயிட்டு வர்றேன்னு சொல்லக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது." நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. திறந்தேன். அது உட்கார்ந்திருந்தது. செருப்பு விடுகிற இடத்துக்கு அந்தப் பக்கம், எத்தனையோ கால்களை மடக்கி, தலையைக் கொஞ்சம் குனிந்து, எழவு கேட்க வந்த பெரிய மனுசர் எப்படி உட்காருவாரோ அப்படி. அதற்கு இந்தப் பக்கம் படிக்குள்ளே இவள் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. வளையம் துடிக்கவில்லை. தெருவை எட்டிப் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், எந்தெந்த வாசலில் எது நின்றதோ அத்தனையும் உட்கார்ந்திருந்தன, காலி வீடுகளுக்கு முன்னால், தலையைக் குனிந்துகொண்டு. அவங்களுக்கெல்லாம் ஒரே காதோ என்னவோ. ஊரில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. பதினாறு நாளில் அந்த வீட்டுக்கு எழவு கேட்க வந்தவர்களில் வம்பு பேசாமல் உட்கார்ந்துபோனது அது ஒன்றுதான். நாலு நிமிசம் பதினஞ்சு செகண்டு என்று சஷ்மிதா கணக்குச் சொன்னாள். எழுந்தது. போயிற்று. சொல்லிக்கொள்ளவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு மில் மைதானத்துப் பக்கம் அண்டாவைத் தூக்குகிற மாதிரி ஒரு காற்று அடித்தது, துணிக்கொடியில் துணியெல்லாம் ஒருமுறை எழும்பி விழுந்தது. அவ்வளவுதான், போய்விட்டார்கள். போயிட்டு வர்றோம் என்று சொல்லாமல் போனதால் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை.

ஒரு மணி வாக்கில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மைதானத்திலிருந்து தெருவை அடைத்துக்கொண்டு, தூங்கி எழுந்த முகத்தோடு, ஒன்றும் ஞாபகம் இல்லை, எல்லாருக்கும் கைவிரல் நகம் மட்டும் ஒட்ட வெட்டியிருந்தது, இதை நம்பாவிட்டால் போங்கள், என் பேரனுக்குப் பதினாலு வயசில் முதல்முறையாக நகம் சுத்தமாக இருந்தது. "இங்கதான் இருக்கறீங்களா மாமா, வூட்டைத் திறந்து போட்டுட்டு எங்க போனீங்க" என்று என் மருமகள் சண்டைக்கு வந்தாள், காதுக்கு இனிமையாக இருந்தது. ருக்குமணி போனாள், டீச்சர் போனாள், சீர்த்தட்டோடு கல்யாண வீட்டார் போனார்கள். சஷ்மிதா வாசற்படிக்குள் நின்று ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு எண்ணிக்கொண்டிருந்தது. நான் யாரை எண்ணுகிறாள் என்று கேட்கவில்லை, எனக்குத் தெரியும், ராய்ப்பூரிலிருந்து வந்திறங்கிய அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நானும் அப்படித்தான் ஒவ்வொரு பொம்பிளையாகப் பார்த்தேன். கடைசியில் அவள் அப்பன் வந்தான். அவனுக்குப் பின்னால் தெரு காலி. அவன் வாசலில் நின்றான். அவள் அவன் தோளுக்கு மேலே காலித் தெருவைப் பார்த்தபடி, "அவ்வளவுதானா?" என்றாள். செங்கோடனுக்கு முகம் கோணிற்று, "அவ்வளவுதான் சாமி" என்றான். அவள் அவனை வாங்க என்று சொல்லவில்லை. அவன் புரிந்துகொண்டு பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அவள் போய் உட்கார்ந்து, அந்த நாற்பத்தெட்டு குச்சி வரிசையை நடுவில் பிரித்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு டப்பாவைத் திறந்து, கோடு போட்டு, மூன்று பங்கு வைத்தாள். இன்றைக்கும் அந்த வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. போகிறவர்கள் பேசாமல் போய் உட்காருகிறோம். நான் தினமும் போகிறேன்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஊரைக் காப்பாற்றியது யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும், கல் என்றவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். எங்கே கேட்டாய் என்பார்கள், பஸ்ஸில் ஒருத்தர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள், லாரிக்காரர் என்று சொல்லுங்கள், யாரை வேண்டுமானாலும் சொல்லுங்கள், என்னை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். என் பேரைச் சேர்த்தால் ஒரு பயலும் நம்ப மாட்டான், கிழவனுடைய இன்னொரு சேவல் கதை என்று சிரித்துவிடுவான். மெய்யாக நடந்தது என் வாயால் பொய்யாகிப்போகும். அந்தப் பிள்ளைக்குப் பொய் ஆகாது.